ஊர் தாண்டிக் கொடுத்த ரத்தம்

வெளியூர் லாட்ஜில் நான் ஒரு தப்பு செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எச்ஐவி வந்திருக்குமோ என்ற சந்தேகம் பிடித்ததும், முதல் வேலையாக என் சோப்பையும் துண்டையும் தம்ளரையும் தனியாக வைத்தேன். தம்ளரில் பரவாது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பரவக்கூடிய விஷயத்தில் மட்டும் எதையும் மாற்றவில்லை. திடீரென்று தள்ளிப் படுத்தால் மனைவி ஏன் என்று கேட்பாள். ஆணுறை வாங்கலாமென்றால் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர், "இன்னாய்யா, இந்த வயசுல புதுசா?" என்று திண்டிவனம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பார். என் மானத்தைக் காப்பாற்ற அவளை ஆபத்தில் விட்டேன். மகா புத்திசாலி!

ஊர் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்கூடத் தெரிந்த முகம். டீக்கடைக்காரர் என் கிளாஸை இரண்டு தடவை கழுவினால், இவனுக்கு யார் சொன்னது என்று நடுங்குகிற ஆள் நான். விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். சித்திரை வெயிலில் முகத்தில் மாஸ்க், தலையில் கம்பளிக் குல்லா. பஸ்ஸே என்னைப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்?

அரசு ஆஸ்பத்திரியில் எச்ஐவி சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொரு மாஸ்க் இருமியது. எங்கள் தெருவில் தினமும் கேட்கிற இருமல். மருந்துக்கடைக்காரர்!

"இன்னாண்ணே, இங்க?"

"சும்மா... மாத்திரை வாங்க வந்தேன்."

"கடையே வெச்சிக்கினு மாத்திரை வாங்க விழுப்புரமா?"

"நீ மட்டும் குல்லா போட்டுக்கினு கல்யாணத்துக்கா வந்த?"

இருவரும் சிரித்தோம். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். தொற்று இல்லை என்றார் ஆலோசகர். இரண்டே நிமிடம். அடுத்து மருந்துக்கடைக்காரர் உள்ளே போனார். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம்.

"உனக்கு இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லண்ணே. உங்களுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஊட்ல சொல்லுவியா, இங்க வந்தத?"

"ஐயோ, மாட்டேன்."

"அதான். நானும் சொல்லப் போறதில்ல."

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. அண்ணிகிட்ட மட்டுமாவது சொல்லிடுங்கண்ணே என்று தொண்டை வரை வந்தது. எட்டு மாசம் நீ சொன்னியா என்று திருப்பிக் கேட்டால்? விழுங்கிவிட்டேன். திண்டிவனத்தில் எனக்கு முன்னால் இறங்கி, அவர் வேகமாகத் தன் வீட்டுப் பக்கம் நடந்தார்.