பெயர் பொருந்தாத ஆர்டர்

ஐரோப்பாவை நான் பார்த்ததில்லை. அந்த ஊர்க்காரர்கள் எப்படிக் காசு கட்டுவார்கள் என்று மட்டும் கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். நெதர்லாந்துக்காரருக்குக் கிரெடிட் கார்டு என்றாலே ஆகாது. தன் வங்கியிலிருந்து நேராகக் கட்டிவிடுவார். பிரெஞ்சுக்காரர் கார்டைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஜெர்மன்காரர் இருக்கிறாரே, வாங்கிய பயணப் பெட்டி வீடு வந்து, சக்கரத்தை உருட்டிப் பார்த்த பிறகுதான் பில்லுக்குப் பணம்! இன்னும் சிலர் பக்கத்துக் கடையில் ரொக்கம் கொடுத்து ஒரு சீட்டு வாங்குவார்கள். அதிலுள்ள எண்ணைப் போட்டால் போதும், கார்டும் வேண்டாம், வங்கியும் வேண்டாம்.

பயணப் பெட்டி விற்கும் ஓர் இணையக் கடைக்காக, பர்மாவின் யாங்கோன் நகரில், தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து இந்தப் பணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சீட்டில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஒரு கெடுபிடி உண்டு. ஆர்டர் போட்ட பெயரும் பெட்டி போய்ச் சேரும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

ஒரு மாதமாக நான் ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. கண்ணில் படவேயில்லை, அதுதான் உண்மை. பர்மாத் தமிழர்களான எங்கள் வீடுகளில் ஒரே ஆளுக்கு அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், அடுப்படியில் ஒரு தமிழ்ப் பெயர். இரண்டு பெயரைப் பார்த்தாலும் எனக்கு ஓர் ஆள்தான் தெரியும்.

எங்கள் மேற்பார்வையாளரும் தமிழர்தான், எல்லோருக்கும் அவர் பாய். அவர் இதைக் கண்டுபிடித்த அன்று என் திரையில் ஒரு ஜெர்மன் பெண்ணின் ஆர்டர் நின்றது. கூடவே ஒரு கடிதம். கணவரோடு சேர்ந்த வங்கிக் கணக்கு, கார்டில் வாங்கினால் அவருக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் சீட்டு என்று எழுதியிருந்தாள். பெட்டியைக் கல்யாணத்துக்கு முந்தைய பெயரில், வேலை பார்க்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தாள். அவள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"தங்கச்சி, இதை நிறுத்து. பேரை மறைக்கிறவங்க எதையோ மறைக்கிறாங்க."

எனக்கு வந்ததே கோபம்! "மறைக்கட்டும் பாய். புருஷனுக்குத் தெரியாம ஒரு பெட்டி வாங்குறது குத்தமா?"

"மேல கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"உங்க அட்டையில என்ன பேரு? பள்ளிவாசல்ல அந்தப் பேரச் சொல்லியா உங்களைக் கூப்பிடுறாங்க?"

இங்கே போன் வழியாக ஆயிரம் கியாட் அனுப்பினாலும் என் பெயர் சேர்ந்து போகிறது. ராணுவத்துக்காரன் எவன் பார்க்கிறானோ என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் அனுப்புவேன். அப்படிப்பட்ட நான் இன்னொருத்தியின் வழியை மறிப்பேனா?

"நீ இதை விட்டா உன் வேலை போயிடும். சொல்லிட்டேன்."

"போனா போகுது பாய்."

அவர் கண்ணெதிரே, ஆர்டரை அனுப்பிவிடும் பொத்தானை அழுத்தினேன்.

அந்த வாரமே என்னை அனுப்பிவிட்டார்கள். வாடகையை நினைத்து அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசி நாள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கும் முன் திரையில் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். பெட்டி அவள் கைக்குப் போய்விட்டது. இனி எந்த மேலிடமும் அதை நிறுத்த முடியாது.