டாலஸில் கேட்ட பின்லாந்து உறுமல்

2025 அக்டோபர் 18, சனிக்கிழமை, மாலை 5.40. எண்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெயில். மேற்கே மட்டும் மழை மேகம். பிளானோவில் என் மகள் ஜெனிட்டாவின் வீட்டிலிருந்து டாலஸுக்குக் கிளம்பினோம். இருபத்திரண்டு மைல். ‘மெட்டல்’ என்னும் காதைப் பிளக்கும் ராக் இசை பாடும் பின்லாந்துக் குழுக்களின் கச்சேரி. எனக்கு வயது எழுபத்தாறு. காதுக்குப் பஞ்சு, இரத்த அழுத்த மாத்திரை, குடை மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

ஜெனிட்டா மயக்க மருந்து டாக்டர். இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர் சங்கத்தின் பாடகர் குழுவை ஆறு வருடமாக நடத்துகிறாள். அவள் டிக்கெட் எடுத்தது தெரிந்ததும் சங்கத் தலைவர் ஆரோக்கியம் அன்று காலை போன் செய்தார், அவளுக்கல்ல, எனக்கு. நாற்பத்தொரு வயதுப் பெண்ணைப் பற்றிய புகாரும் நம்மவர்களிடையே அப்பாவிடம்தான் வருகிறது.

“அங்கிள், அந்தப் பாட்டெல்லாம் டிரான்ஸ்லேட் பண்ணிப் பாத்தோம். சர்ச்ச எரிக்கணும், சிலுவைய உடைக்கணும்னு இருக்கு. இதக் கேக்கறவங்க கிறிஸ்மஸ் கொயர் லீட் பண்ணலாமா? நீங்களே சொல்லி நிறுத்திடுங்க. நாளைக்குள்ள முடிவு பண்ணணும்.”

காதால் கேட்காமல் எதுவும் சொல்ல மாட்டேன் என்றேன். அதனால்தான் இந்தப் பயணம்.

டோல் ரோட்டில் மகள் எழுபத்தெட்டு மைல் வேகத்தில் போனாள். சொன்னேன். “அப்பா, மீட்டர நான் பாத்துக்கறேன். நீங்க ரோட்டப் பாருங்க” என்றாள்.

6.35. பழைய கிடங்கு ஒன்றை அரங்கமாக்கியிருந்தார்கள். வாசலிலேயே குடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டோம் என்று பலகை. எல்லோரும் கறுப்புச் சட்டை. நான் மட்டும் வெள்ளை அரைக்கை. பக்கத்திலிருந்த தாடிக்காரர் எழுந்து தன் ஸ்டூலை எனக்குக் கொடுத்தார். அவரும் பின்லாந்துக்காரராம். ஊரில் அவருடைய அம்மா தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். முதலில் பாடவிருந்த குழுவைத் தடை செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர். “ஆனால் பாடகனுடைய அம்மாவோடு வாராவாரம் காபி குடிப்பார்” என்று சிரித்தார்.

7.00. முதல் குழு. முகத்தில் வெள்ளையும் கரியும் பூசிய பாடகர் உறுமினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மகளின் போனில் வரிகளைப் படித்தேன். கடவுளுக்கு விழாத வசவு இல்லை. போனை மகளிடமே திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

7.50. இரண்டாவது குழுவின் பெயரை அறிவித்ததும் ஜெனிட்டா பையை எடுத்தாள். வர வேண்டிய குழுவுக்குப் பதிலாக இவர்களைச் சேர்த்திருந்தார்களாம்.

“வாங்கப்பா, போலாம்.”

“நீ கேக்க வந்த குழு இனிமேதானம்மா? டிக்கெட் அறுபத்தெட்டு டாலர்! திரும்ப விடமாட்டான்.”

“தெரியும்பா. இவனுங்க ஒரு இனத்தையே கொல்லணும்னு பாடினவனுங்க. கேட்டா சும்மா சீண்டறதுக்குன்னு சொல்வானுங்க. கடவுளத் திட்டினா அவர் தாங்கிப்பார். அடி வாங்கற மனுஷன் தாங்க மாட்டான்.”

வெளியே தூறல். காரில் ஏறியதும் அந்தக் குரல் யாருடையது என்று பிடிபட்டது. உடனே ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன்.

“தம்பி, தவக்காலத்துல ஆண்டவரோட பாடுகள நடிக்கற நம்ம பாஸ்கு நாடகத்துல சாத்தான் வேஷம் யாரு கட்டினது?”

“நான்தான் அங்கிள்! வருஷா வருஷம் நான்தான்.”

“மூஞ்சில கரி பூசிக்கிட்டு ஆண்டவர இதே மாதிரி உறுமி என்னா பேச்சு பேசினீங்க! முன் வரிசைல ரெண்டு கொழந்தைங்க அழுதுதுங்க. மறுநாள் சர்ச்சுல நற்கருணை அப்பம் வாங்கினீங்கல்ல?”

“ஐயோ அங்கிள், அது வேஷம்!”

“இங்கயும் வேஷந்தான். வேஷம்னு சொல்லிக்கிட்டு மனுஷங்களக் கொல்லச் சொன்னவன் மேடை ஏறினான். எம்பொண்ணு எழுந்து வந்துட்டா. கொயர் அவகிட்டதான் இருக்கணும்.”

அவர், “வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ரிகர்சல். ஜெனிட்டாவ லேட் பண்ண வேணாம்னு சொல்லுங்க அங்கிள்” என்றார்.

“அத அவகிட்டயே சொல்லுங்க” என்று போனை அவளிடம் நீட்டினேன்.

பாதி வழியில் மழை வலுத்தபோதுதான் குடை நினைவுக்கு வந்தது. திரும்ப வேண்டாம் என்று நானே சொன்னேன். டிக்கெட் இரண்டு 136 டாலர், பார்க்கிங் 25, டோல் 9.40, குடை 12. ஆக 182 டாலர் 40 சென்ட்.