மால்டாவில் நான் பார்த்த வேலை

நான் மால்டாவில் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். என் ரெஸ்யூமே அப்படித்தான் சொன்னது. எனக்கே அது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரியவந்தது.

2002ஆம் வருஷம். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் வாடகை வீடு. பார்த்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னை விசா எடுத்துக் கூட்டிவந்த கன்சல்டன்சி முதலாளி எடிசனில், ஓக் ட்ரீ ரோட்டில் ஓர் இனிப்புக் கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் ப்ராஜெக்ட் கிடைக்காவிட்டால் விசாவை ரத்து செய்துவிடுவேன் என்று மிகுந்த பாசத்தோடு சொல்லியிருந்தார். ரத்தானால் நானும், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவியும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இன்னும் பத்து நாள் இருந்தபோது, அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நியூயார்க்ல ஒரு இன்டர்வியூ செட் பண்ணிட்டேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு போன்ல கூப்பிடுவாங்க. ரெஸ்யூமேல கேப் இருந்துச்சுல்ல, ஃபில் பண்ணிட்டேன். ஒரு தடவ பாத்துக்க."

பார்த்தேன். எட்டு மாதப் பள்ளத்தை, மத்தியதரைக் கடலில் கிடக்கும் மால்டா என்ற குட்டித் தீவு நாட்டில் ஒரு வங்கியைப் போட்டுத் தூர்த்திருந்தார். ரெஸ்யூமே சமைப்பது எங்கள் தொழிலில் ஊரறிந்த வழக்கம். கொஞ்சம் உப்பு கூடும் என்று எனக்கும் தெரியும். ஒரு நாட்டையே தூக்கிப் போடுவார் என்று யார் கண்டது?

"ஏண்ணே மால்டா?"

"அமெரிக்கான்னு போட்டா போன் பண்ணி வெரிஃபை பண்ணுவான். இந்தியான்னு போட்டா மதிக்கமாட்டான். மால்டாவுக்கு எவன் தம்பி போன் போடப் போறான்?"

விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் காயல்பட்டினத்துக்காரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"பொய் சொல்றது தப்பு மச்சான். அப்படியே சொல்லித்தான் ஆவணும்னா ஒழுங்காச் சொல்லணும்" என்றாள். அன்று மதியமே லைப்ரரிக்குப் போய், மால்டாவுக்குப் போகிற பயணிகளுக்கான கையேடு ஒன்றை எடுத்துவந்தாள்.

அதன்பின் எங்கள் வீட்டில் நடந்தது பரீட்சைக்கால அட்டூழியம். நான் பல் தேய்த்தால் "தலைநகரம்?" என்பாள். வாயில் நுரையோடு "வாலெட்டா" என்பேன். "பக்கத்துத் தீவு?" "கோஸோ." "குடியிருந்தது எங்கே?" "ஸ்லீமா. கடலோரம்." மீன்படகுகளின் மூக்கில் இரண்டு பக்கமும் கண் வரைந்திருப்பார்கள் என்று வாசித்தபோது, "திருஷ்டி எல்லா ஊர்லயும் இருக்கு" என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். அவர்களுடைய ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அரபியைப் போலவே இருப்பதைக் கண்டுபிடித்து, மதரஸாவில் ஓதிய ராகத்தில் சொல்லிக்காட்டினாள். அங்கே சில தேவாலயங்களில் இரண்டு கடிகாரம் இருக்குமாம், ஒன்று சரியான நேரம், இன்னொன்று சைத்தானைக் குழப்புவதற்கு. "உங்க முதலாளி அந்த ஊர்ல பொறந்திருக்க வேண்டியவர்" என்றாள்.

புதன்கிழமை சாப்பாட்டு அத்தியாயம். அந்த ஊரில் பட்டாணி வைத்த ஒரு பஃப் பிரசித்தம் என்று போட்டிருந்தது. அவளுக்குக் கை சும்மா இருக்குமா? பச்சைமிளகாயும் இஞ்சியும் தட்டிப்போட்டுச் செய்தே விட்டாள். மால்டாக்காரன் தின்றால் கடலில் குதித்திருப்பான். நான் ஏழு தின்றேன். தின்ற மயக்கத்தில் போக்குவரத்து அத்தியாயத்தைத் திறக்காமலே தூங்கிவிட்டேன்.

வியாழன் பத்து மணிக்கு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அவள் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையில் பேனாவும் காகிதமுமாக எதிரே உட்கார்ந்தாள். மேனேஜர் வயதான அமெரிக்கர், நிதானமான குரல்.

"மால்டாவில் இருந்தீர்களாமே. எங்கே தங்கியிருந்தீர்கள்?"

"ஸ்லீமா. கடலோரம்."

"அழகான இடம். வாலெட்டாவில் இருந்த ஆபீசுக்கு எப்படிப் போவீர்கள்?"

ஜெர்சி சிட்டியில் குடியிருப்பவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான். "ட்ரெயினில்" என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். விதி விடவில்லை. "காலையில் கூட்டம் தாங்காது. மழை வந்தால் கட்டாயம் லேட்" என்று குறையும் சொன்னேன்.

மனைவி பக்கங்களைப் புரட்டினாள். புரட்டிய கை நின்றது. காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி என் மூக்குக்கு நேரே பிடித்தாள்: 'அந்த நாட்டிலேயே ரயில் கிடையாது!'

மேனேஜர் சொன்னார்: "போன வருஷம் நானும் என் மனைவியும் இரண்டு வாரம் அங்கே இருந்தோம். மஞ்சள் பஸ்ஸில்தான் சுற்றினோம். இன்னொரு விஷயம். இந்த வாரம் மால்டாவிலிருந்து வருகிற மூன்றாவது ஆள் நீங்கள். அந்தத் தீவில் இப்போது யாராவது மிச்சம் இருக்கிறார்களா?"

அவமானம் தாங்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். 'உண்மையைச் சொல்லித் தொலைங்க' என்று வாயசைத்தாள்.

"சார், நான் மால்டாவுக்குப் போனதே இல்லை. செவ்வாய்க்கிழமைதான் படித்தேன். எட்டு மாதமாக எனக்கு வேலை இல்லை. ஆனால் டேட்டாபேஸ் வேலை நிஜமாகவே தெரியும்."

"அதை இப்போது பார்த்துவிடலாம்" என்றார். முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்தார். ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில், "உண்மையான ரெஸ்யூமே ஒன்றை நாளைக்குள் உங்கள் கம்பெனி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

முதலாளிக்கு போன் போட்டு, "அண்ணே, மால்டாவை எடுத்துருங்க" என்றேன்.

"எடுத்துட்டாப் போச்சு தம்பி" என்றார்.

மறுநாள் காலை மேனேஜரே கூப்பிட்டார். "இப்போது சைப்ரஸில் இருந்திருக்கிறீர்களே?"

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அவரிடம் மதியம் வரை தவணை கேட்டேன். மனைவியும் கிளம்பினாள். இரண்டு ரயில் மாறி எடிசன் போய், இனிப்புக் கடைப் படிகளில் ஏறி, முதலாளியின் நாற்காலியில் கேட்காமலே உட்கார்ந்தேன். சைப்ரஸை அழித்தேன். அந்த இடத்தில் 'எட்டு மாதம் வேலை இல்லை' என்று நானே தட்டினேன்.

"என் வயித்துல அடிக்கிறியே தம்பி! இப்படிப் போட்டா எவன் எடுப்பான்? கேப் தம்பி, கேப்பு!" என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதைத் திரையில் பார்க்க எனக்கும் வெட்கமாக இருந்தது. ஊரில் யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. மனைவி குனிந்து ஒருமுறை வாசித்தாள். "வேல இல்லாம இருந்தது ஒரு குத்தமா? அனுப்புங்க" என்றாள். நான் தயங்குவதைப் பார்த்து, என் கை மேலேயே கையை வைத்து அழுத்திவிட்டாள்.

மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து பதில் வந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேலையில் சேரச் சொல்லி ஒரே வரி. என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

முதலாளி அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என் தோளில் ஓங்கித் தட்டினார்.

"பாத்தியா தம்பி? சைப்ரஸ் வேலை செஞ்சிருச்சு!"