பியானோவைக் கெடுத்துக் கொடுத்தவர்

பியானோவுக்குச் சுருதி சேர்க்க எங்கள் ஊரில் ஒரே ஒருவர்தான். கம்பி முறுக்கும் சாவி எந்நேரமும் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருப்பதால் அவருக்குச் சாவிக்காரர் என்றே பெயர். சாது. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்குவார். அப்பேர்ப்பட்டவர் பதினான்கு வருஷம் ஒரு வஞ்சத்தை ஊறப்போட்டு வைத்திருந்தார் என்றால், எதிராளி சொந்தக்காரராகத்தானே இருக்க முடியும்? அவருடைய அக்காவின் கணவர்.

அத்தான், ஜாஸ் மூவர் குழு ஒன்றின் பியானோக்காரர். சோதனை ஜாஸ், சோதனை கேட்பவர்களுக்கு. மற்ற இருவரில் ஒருவர் ஆளுயர வயலினின் முதுகில் தட்டுவார். இன்னொருவர் டிரம்மை ஈரத்துணியால் துடைப்பார். ரசிகர்கள் நாற்பத்து மூன்று பேர், கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. கைதட்டுவது அவர்களிடையே அநாகரிகம். கண்ணை மூடி, வயிற்றுவலி வந்தவர்கள்போல் மெல்லத் தலையை ஆட்டுவார்கள். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் இவர்களுக்குத் தலைவர்.

முதல் கச்சேரியன்று அரங்கத்தின் கூரை ஒழுகிப் பியானோ நனைந்திருந்தது. சாவிக்காரர் பாதிக் கம்பிகளைச் சரிசெய்வதற்குள் திரையைத் தூக்கிவிட்டார்கள். கோணல் சுருதியிலேயே அத்தான் வாசித்தார். முடிந்ததும் பல் டாக்டர் கண்ணீரோடு மேடையேறி, இப்படியொரு சுருதியை இந்த உலகம் கேட்டதில்லை என்றார். அதுவரை உண்மைதான். அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் அதே கோணல் வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

நல்ல பியானோவைக் கெடுப்பது, கெட்டதை நல்லதாக்குவதைவிடக் கஷ்டம். எந்தக் கட்டை அரைச் சுருதி ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்று சாவிக்காரர் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். கெடுக்க நான்கு மணி நேரம்; கச்சேரி முடிந்ததும் அரங்கக்காரர் பார்ப்பதற்குள் நேராக்க இன்னும் நான்கு. இப்படிப் பதினான்கு வருஷம், ஆறு இசைத்தட்டு. ஆறின் உறையிலும் நன்றிப் பட்டியல் உண்டு. டிரம்காரரின் பூனைக்கு நன்றி. காபி இயந்திரத்துக்கு நன்றி. சாவிக்காரர் பெயர் மட்டும் இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"அத்தான், அடுத்த தட்டுல என் பேரையும் ஒரு ஓரமாப் போடக் கூடாதா?"

"மச்சான், நாற்காலியைத் தூக்கிப் போட்டவனுக்கெல்லாம் பேர் போட்டா, உறை பத்தாது" என்று சொல்லி, அத்தான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

அக்கா கண்ணாலேயே தம்பியை அடக்கினாள். அவரும் அடங்கினார். அடுத்த வாரம் பத்திரிகையில் அத்தானின் பேட்டி வந்தது: 'அந்தச் சுருதி என் விரலிலிருந்து பிறக்கிறது. வாத்தியம் எனக்காக வளைந்து கொடுக்கிறது.' சாவிக்காரர் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்தார். பசை நன்றாகவே பிடித்தது.

ஏழாவது தட்டைக் கச்சேரியிலேயே நேரடியாகப் பதிவுசெய்வதாக ஏற்பாடு. ஞாயிறு மாலை. காலையிலேயே அரங்கத்துக்குப் போன சாவிக்காரர், கதவைச் சாத்திக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே சிறந்த வேலையைச் செய்தார். இருநூற்றுச் சொச்சம் கம்பிகளில் ஒன்றுகூடப் பிசகாமல், தேன் மாதிரி, சுத்தமாகச் சுருதி சேர்த்துவிட்டு, மூன்றாம் வரிசையில் பல் டாக்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அத்தான் கண்களை மூடி, குழுவின் புகழ்பெற்ற உருப்படியைத் தொடங்கினார். ஐந்து விரல் மேலே ஏறியது. ஐந்து விரல் கீழே இறங்கியது. மறுபடி ஏறியது. பதினான்கு வருஷம் கோணல் சுருதி போர்த்தி மூடியிருந்தது இப்போது அம்மணமாக வெளியே வந்தது: பியானோ வகுப்பில் முதல் வாரம் சொல்லித்தரும் விரல் பயிற்சி. அத்தானுக்கு வியர்த்தது. நிறுத்தவும் முடியவில்லை, பதிவு ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதையாவது வாசிக்கலாம். வேறு எதுவும் தெரிந்திருக்க வேண்டுமே.

பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். "இதைத்தான் எங்க பேத்தி தினமும் பல் தேய்க்கறதுக்கு முன்னாடி வாசிக்கிறா" என்றார், வலிக்காத பல்லைப் பிடுங்கிவிட்டவரின் குரலில்.

பின்வரிசையில் ஒரு கால் தாளம் போட ஆரம்பித்தது. பிறகு எண்பத்தாறு கால்களும். அந்தக் குழுவின் சரித்திரத்தில் முதல்முறையாக, ரசிகர்கள் தாளம் தப்பாமல் கைதட்டினார்கள்.

திரைக்குப் பின்னால் அத்தான் மச்சினனின் சட்டையைப் பிடித்தார். "என்னடா பண்ணித் தொலைச்சே?"

"நாற்காலியை நேராப் போட்டேன், அத்தான்."

ஒப்பந்தப்படி தட்டை வெளியிட்டே ஆக வேண்டும். பழி தன்மேல் விழாமலிருக்க அத்தான் உறையில் கொட்டை எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'இந்தக் கச்சேரியில் கேட்கும் சுருதிக்கு முழுப் பொறுப்பு இவரே.' கீழே சாவிக்காரரின் பெயர், இனிஷியலோடு, பிழையில்லாமல்.

சாவிக்காரர் அந்த உறைக்குச் சட்டம் போட்டார். தன் வீட்டில் மாட்டவில்லை. அக்காவின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்து, தானே ஆணியடித்து, சாப்பாட்டு மேஜையில் அத்தான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டிவிட்டு வந்தார். மட்டம் வைத்துப் பார்த்துத்தான் மாட்டினார். இம்மியும் கோணல் இல்லை.