ஒரு தடவை வந்த சொல்

பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் காலர் தைக்கிற மெர்சிக்குத் தாகம் பெரிய விஷயமே இல்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் டார்கெட் விழும், விழுந்தால் சூப்பர்வைசர் லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவான். அதனால் அங்கே பெண்கள் பெரும்பாலும் குடிப்பதே இல்லை. தாகத்தைத் தள்ளிப்போடலாம், அதனால் யாரும் செத்துப்போவதில்லை என்பது மெர்சியின் உடம்புக்கே பழகிப்போயிருந்தது.

அவளுடைய ஒரே மகள் டீனாவுக்கு ஐந்து முடிந்துவிட்டது. சொன்னதெல்லாம் புரியும். மாவுப் பையைக் கேட்டால் சரியாக மாவுப் பையைத்தான் கொண்டுவருவாள். பேச்சுதான் வரவில்லை. வாயைத் திறந்தால் ஏதோ ஒரு சத்தம், அதுவும் தடவைக்கு ஒரு விதம். மெர்சியின் புருஷன் வின்சென்ட் வைட்ஃபீல்டில் கேப் ஓட்டுகிறவன். "கேஜிஎஃப்ல எங்கண்ணனும் லேட்டாத்தான் பேசுனான், வுடு" என்பான். பள்ளிக்கூடம் விடுமா? ஜூனுக்குள் நாலு வார்த்தை பேசினால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, டீனா சமையற்கட்டில் டம்ளரை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டு மும்முரத்தில், யாரையும் பார்க்காமல், "தண்ணி" என்றாள். அத்தனை சுத்தமாக! மெர்சி ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டு அழுதாள். வின்சென்டுக்குப் போன் போட்டு, "அப்பாகிட்ட சொல்லுடி" என்றாள். டீனா வாயைக் கோணி என்னென்னவோ செய்து பார்த்தாள். "கன்னா" என்று வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அன்றைக்குப் பிடித்தது சனி. சொல்லத் தெரிகிறது, அடம்பிடிக்கிறாள் என்று மெர்சி முடிவுகட்டிவிட்டாள். பெற்றவளுக்கு ஆசை வந்துவிட்டால் கண் தெரிவதில்லை.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்க? அன்னிக்குச் சொன்ன இல்ல? தண்ணின்னு சொல்லு, குடுக்கறேன்."

டம்ளர் கையிலேயே இருக்கும். குழந்தை கழுத்து நரம்பு புடைக்க முயன்று பார்க்கும். பகலில் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டு டோரதியிடமும், சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்று மெர்சி கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். முதலில் டீனா அழுதாள். பிறகு அழுகையும் நின்றது.

"இப்பல்லாம் அது தண்ணியே கேக்கறதில்ல மெர்சி" என்றாள் டோரதி ஒருநாள்.

"கல்லுளிமங்கி! தாகம் எடுத்தா தானா கேப்பா" என்றாள் மெர்சி. நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்தவளுக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் ஃபேக்டரியில் கரன்ட் போய் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். டோரதி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுப் பாத்ரூமில் டீனா குந்தி உட்கார்ந்து, துணி அலசின பக்கெட்டிலிருந்து மக்கால் மொண்டு மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை மேலே மிதந்தது. அம்மாவைப் பார்த்ததும் மக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மெர்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, சிவாஜிநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நிருபமா வெகுநேரம் டீனாவோடு விளையாடினாள். குழந்தையின் உதட்டையும் தாடையையும் கவனித்தாள்.

"இவளுக்கு வார்த்தையெல்லாம் தெரியும்மா. நாக்கு, உதடு, தாடை எப்போ எப்படி அசையணும்னு மூளை சொல்லணும் இல்ல, அதுதான் குழம்பிப் போகுது."

"அன்னிக்கு நல்லா சொன்னாளே மேடம்? என் காதால கேட்டேனே!"

"இந்த மாதிரி பிள்ளைங்க சொல்லுவாங்க. நினைக்காம இருக்கறப்போ தானா ஒரு தடவை வந்துடும். சொல்லுன்னு நாம கேட்டா வராது. கட்டாயப்படுத்தினா இன்னும் சிக்கிக்கும். இது அடம் இல்ல. மெதுவா, திரும்பத் திரும்பப் பழக்கணும். வரும், ஆனா நாளாகும்."

மெர்சி தலையை ஆட்டினாள். பக்கெட்டு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள், முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வெயில் கொளுத்தியது. கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, மூடியைத் திறந்து மகளிடம் நீட்டினாள்.

"குடி கண்ணு."

டீனா வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். உதட்டைக் குவித்தாள், பிரித்தாள். "க... நா..." என்று திணறினாள்.

"சொல்ல வோணாம்டி. இனிமே சொல்லவே வோணாம். குடி தங்கம், அம்மாவே தர்றேன்."

மெர்சி பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் உடைந்து அழுதாள். டீனா அந்த முகத்தையே பார்த்தாள். தான் தப்பாகச் சொன்னதால்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பாட்டிலைத் தொடாமல், வறண்ட உதட்டை ஈரமாக்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.