சீரியஸ் என்று சொல்லக் கூடாது

என் மாமா இறந்தது யாரோ ஒருவருடைய சோபாவில். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றிவிடும் கம்பெனியில் அவருக்கு வேலை. ஒரு குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போக, அவர்களுடைய சோபா பிளாஸ்டிக் உறை சுற்றியபடி குடோனில் கிடந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு, "மூச்சு வாங்குதுப்பா" என்று அதில் உட்கார்ந்திருக்கிறார். லாரி டிரைவர் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறத்தியார் சாமானில் உட்காராதே என்று வேலையாட்களை விரட்டி விரட்டித் திட்டியவர் அவர். இப்படி வேறு யாராவது போயிருந்தால், அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார்.

டிரைவர் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். நான் மருந்துக்கடையில் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். "நம்ம மிலிட்டரி இறந்துட்டாரும்மா" என்றார். குடோனில் எல்லோருக்கும் அவர் மிலிட்டரிதான். கையிலிருந்த மாத்திரை அட்டையை அப்படியே வைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். "அம்மாகிட்ட ஒண்ணும் உளறி வைக்காதே. சீரியஸ்னு மட்டும் சொல்லு. நான் கார் எடுத்துட்டு வரேன்" என்றான்.

மாமாவுக்குப் பிடிக்காத வார்த்தை என்று உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது இந்த சீரியஸ்தான்.

மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர் பிறந்தபோதே பெற்றவள் போய்விட்டாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் அம்மா அவரை இடுப்பில் சுமந்து திரிந்திருக்கிறாள். அவருக்குப் படிப்பு ஏறவில்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் போய் வரிசையில் நின்றுவிட்டார். தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு அக்காவின் புகுந்த வீட்டு வாசலில் வந்து நின்றவரை அம்மா திட்டினாள், அழுதாள், மறுபடியும் திட்டினாள். அம்மாவுக்குப் பாசம் வந்தால் வாயில் வசவாகத்தான் வரும். "அக்கா திட்டலைன்னா எனக்குத்தான் ஏதோ வியாதின்னு அர்த்தம்" என்பார் மாமா.

சின்ன வயதில் நானும் அண்ணனும் அவர் மடியில் ஏறிக்கொண்டு, எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று நச்சரிப்போம். "கொசுவைக் கணக்குல சேக்கலாமா?" என்று கேட்பார். உண்மையில் அவர் மலைமேல் ஒரு முகாமில் ஸ்டோரில் இருந்தார். பூட்ஸ், கம்பளி, மண்ணெண்ணெய் என்று கேட்பதை எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனால் அவருக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. முகாமில் யாராவது இறந்தால் பெட்டியோடு ஒரு ஆள் அவன் வீடு வரைக்கும் போக வேண்டும். வண்டி மெதுவாகப் பின்னால் வரும். ஆள் முன்னால் போய் வீட்டில் சொல்ல வேண்டும். மாமாவுக்குச் சாந்தமான முகம், நிதானமான பேச்சு. ஒரு தடவை அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு அவரை விடவே இல்லை.

அந்த முதல் தடவையில்தான் அவர் சொதப்பினார். அதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் குரல் இறங்கிப்போகும்.

வாசலில் ஒரு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாராம். யூனிபாரத்தைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "என் பையன்கூட இருக்கிறவனாப்பா? உள்ள வா, உக்காரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக் குடித்த பிறகு மாமாவுக்கு நாக்கு எழவில்லை. "அடிபட்டிருக்கும்மா. கொஞ்சம் சீரியஸ்" என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா அழுது புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. பரபரவென்று பையை எடுத்து, மகனுடைய சட்டை, போர்வை, தலையணை என்று அடுக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பையோடு தெருவில் இறங்கியபோது, முனையில் வண்டி திரும்பியது. அந்த அம்மா பெட்டிப் பக்கம் போகவில்லை. மாமாவைத்தான் அடித்தார்.

"நல்லா அடிச்சாங்க" என்பார் மாமா. "இன்னும் ரெண்டு சேத்துப் போட்டிருக்கலாம். அவங்க தலையணைக்கு உறை மாத்தறதைப் பாத்துக்கிட்டு மரம் மாதிரி நின்னேன் பாரு, அதுக்கு."

அதன் பிறகு அவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். நிற்க வேண்டும். நாற்காலி, தண்ணீர் எதையும் தொடக் கூடாது. வாயைத் திறந்தால் முதல் பேச்சிலேயே பெயரும் வர வேண்டும், இறந்துவிட்டார் என்பதும் வர வேண்டும். சீரியஸ் என்று சொல்லக் கூடாது. "நாம சொல்லச் சொல்ல அவங்க முகம் மாறுமே, அதைப் பாக்க நமக்குத் தைரியம் கிடையாது. அதுக்குத்தான் சீரியஸ்னு ஒரு வார்த்தையைக் கண்டுபிடிச்சு வெச்சிருக்கோம். அவங்க மேல இரக்கப்பட்டுன்னு சொல்றதெல்லாம் சுத்தப் பொய்" என்பார்.

இந்த அனுபவத்தை எங்கள் சொந்தக்காரர்களும் விடவில்லை. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், நாலு பேருக்குத் தகவல் சொல்கிற வேலையை மாமா தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் மாமா பெயர் போனில் வந்தால் எடுக்க ஆளில்லாமல் போயிற்று. சும்மா நலம் விசாரிக்கக் கூப்பிட்டிருப்பார். எதிர்முனையில் ஒப்பாரியே ஆரம்பித்திருக்கும். "எமனுக்கு நான்தான் உள்ளூர் ஏஜென்ட்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

ஏனென்றால் பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் அவரால் எந்த வீட்டிலும் காலிங் பெல் அடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூடக் கேட்டுக்கு வெளியே நின்று இருமிக்கொண்டே இருப்பார். மழையில் நனைந்துகொண்டு இருமியதும் உண்டு. சாமான் கட்டப் போகிற வீடுகளில் டிரைவர்தான் பெல் அடிக்க வேண்டும். கதவு திறந்து, உள்ளே ஆட்கள் சாதாரணமாகப் பேசுவது காதில் விழுந்த பிறகுதான் மாமா படியேறுவாராம்.

கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கலாமா என்று அம்மா கேட்டபோதெல்லாம், "எவனாவது தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு அவ முன்னாடி வந்து நிப்பான்க்கா, வேணாம்" என்றார். சர்வீஸ் முடிந்து வந்த பிறகு கேட்டதற்கு, பழகிப்போச்சு என்றார். குடோனுக்குப் பின்னால் கம்பெனி கொடுத்த அறையில் தனியாகவே காலத்தைத் தள்ளினார். ஒரு இரும்புக் கட்டில், சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய விரிப்பு, ஆணியில் இரண்டு சட்டை. கண்ணாடிச் சாமானை வைக்கோலும் அட்டையும் வைத்து அவர் கட்டினால் கீறல் விழாது என்று பேர் வாங்கியிருந்தார். சில நாட்களில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார் என்று டிரைவர் சொல்லுவார். அந்த நாட்களில் யாரும் அவரை எதற்கும் கூப்பிடமாட்டார்கள்.

எங்களோடு வந்து இருந்துவிடு என்று அம்மா கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனாள். பின்பக்க அறையை வெள்ளையடித்துக்கூட வைத்தாள். "பாக்கலாம்க்கா" என்பதைத் தவிர அவரிடமிருந்து வேறு பதில் வந்ததில்லை. கடைசியாக வந்திருந்தபோது அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "உன் பாக்கலாமைத் தூக்கிக் குப்பையில போடு. இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று கத்திவிட்டு, அவர் கிளம்பும்போது வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு அவர் போன் செய்தாலும், "தூங்கறேன்னு சொல்லு" என்று எனக்குக் கையால் ஜாடை காட்டுவாள். அம்மாவின் கோபம் எப்போதும் தண்ணீரில் போட்ட உப்புதான். இந்த முறை மட்டும் ஏனோ இழுத்துக்கொண்டே போயிற்று.

இந்த நிலைமையில்தான் அண்ணன் வந்து, "மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்மா. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க" என்றான்.

அவனை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. அம்மா நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவள். அதிர்ச்சியே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சமையலறைக்குள் அவனை இழுத்துப்போய், "இப்பவே சொல்லிடலாம்ணா. தெருவுல கூட்டத்தைப் பாத்து அவளாத் தெரிஞ்சுக்கணுமா? மாமாவுக்கு இது தெரிஞ்சா நம்மளைச் செருப்பால அடிப்பாரு" என்றேன்.

"வழியில அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா? நீ பொறுப்பேத்துக்குவியா?" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. நான் வெளியே வந்தேன்.

ஹாலில் அம்மா ஏற்கெனவே பையை எடுத்துவிட்டாள். பிளாஸ்கில் வெந்நீர், மாமாவுக்குத் துண்டு, ஸ்வெட்டர், மெத்தென்ற தலையணை. அவள் அந்தத் தலையணையைத் தட்டித் தட்டி உறைக்குள் நுழைப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

கார் கிளம்பியதும் வசவு ஆரம்பித்தது. "ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டான். எருமை. இத்தனை வயசுக்கு மேல பீரோ தூக்கச் சொல்லி எவன் அழுதான்? அறையை வெள்ளையடிச்சுப் போட்டு நான் காத்துக்கிட்டிருக்கேன், அங்க குடோன்ல எலிகூடக் குடித்தனம் பண்ணிக்கிட்டிருக்கான். இந்தத் தடவை அவன் பேச்சைக் கேக்கப் போறதில்ல. டிஸ்சார்ஜ் பண்ணினதும் கட்டித் தூக்கிட்டு வந்துருவேன்." நடுநடுவே, "வார்டுல போர்வை குடுத்திருப்பாங்களாடா?" என்று கேட்டாள். அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, "குடுத்திருப்பாங்கம்மா" என்றான். ஒரு ஊரைக் கடக்கும்போது துணிக்கடையைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்லி, மாமாவுக்குப் பனியன் வாங்கினாள். அளவு பெரிதாக இருக்குமோ என்று விரித்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். உயிரோடிருக்கிறவருக்கு வாங்குகிற அவசரம் அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும், "அந்த டிரைவருக்குப் போனைப் போடு. ஒரு வார்த்தை அவன்கிட்ட பேசிடறேன்" என்றாள்.

"ஐசியூல பேச விடமாட்டாங்கம்மா" என்றான் அண்ணன்.

"அப்போ அவரை விட்டுச் சொல்லச் சொல்லு." என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அவளே அழுத்தினாள். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டாம் என்று டிரைவருக்கு அண்ணன் முன்பே சொல்லி வைத்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "தம்பி, அவன்கிட்ட போய், அக்கா வந்துக்கிட்டே இருக்கா, கோபமெல்லாம் போச்சுன்னு சொல்லு. இப்பவே போய்ச் சொல்லு, நான் லைன்ல இருக்கேன்" என்றாள் அம்மா.

போனில் சத்தமே இல்லை. பாவம், அந்த மனுஷன் எங்கே போய் நின்றாரோ. பிறகு அவர் குரல் எனக்கும் கேட்டது. "சொல்லிட்டேம்மா. சிரிக்கிறாரும்மா."

அம்மா போனை மடியில் வைத்தாள். "சிரிக்கிறானாம்" என்றாள். "கழுதை. என்னை இந்தப் பாடு படுத்திட்டுச் சிரிக்கிறானாம்." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து பார்த்தேன்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "வண்டியை நிறுத்து" என்றேன். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். "நிறுத்தறியா, கதவைத் திறக்கட்டுமா?" என்று கத்தினேன். ஓரமாக நிறுத்தினான். இறங்கிச் சுற்றிப் போய் அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தேன். லாரிகள் உரசுவது போலப் போய்க்கொண்டிருந்தன. நேராக நின்றேன்.

"அம்மா, மாமா இறந்துட்டாரு. காலையிலேயே இறந்துட்டாரு."

அம்மா என்னையே பார்த்தாள். அந்த முகம் மாறியதை நான் முழுசாகப் பார்த்தேன். மாமா இதை எத்தனை வாசலில் பார்த்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு அவருக்காக அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையைப் பிடிக்கக் குனிந்தேன். அவள் தட்டிவிட்டாள். ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த அண்ணனை ஒருமுறை பார்த்தாள். பிறகு மடியிலிருந்த போனைப் பார்த்தாள்.

அவள் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. குரல்கூட உயரவில்லை.

"ஏன்டி என்னைச் சிரிக்க விட்டீங்க?" என்றாள்.