காலுக்கடியில் புத்தகப் பை

என் அம்மா பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். வேலை பார்த்தாள் என்று எழுதுவதைவிட, நின்றாள் என்பதே சரி. காலையில் நிற்கத் தொடங்கினால் கடை அடைக்கும்வரை நிற்பாள். ஸ்டூல் எல்லாம் வாங்க வருகிறவர்களுக்கு.

அவளுடைய இடது கணுக்காலுக்கு மேலே நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடக்கும். நரம்புச் சுருட்டு என்பார்கள். உண்மையில் அது இரத்தக்குழாய். மேலே ஏறும் இரத்தம் திரும்ப இறங்காமலிருக்க அதற்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டாம். அவை பழுதானால் இரத்தம் காலிலேயே தேங்கிவிடும். டாக்டர் இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார். படுக்கும்போது காலைத் தலையணைமேல் தூக்கி வைக்கவும் சொன்னார்.

"தலைக்கு வைக்கிறதுல கால வைக்கவா? வெளங்குமா குடும்பம்?" என்று அம்மா சிரித்துவிட்டாள். காலுறை பெட்டிக்குள் போனது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒரு விடுமுறை நாள் காலை. அப்பா லாரியில் வெளியூர் போயிருந்தார். கால் அரிக்கிறதென்று அம்மா குளிக்கும்போது தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காலிலிருந்து இரத்தம் நூல்போலப் பீச்சியது. எங்கள் வீட்டில் இரத்தம் என்றால் காப்பித்தூள். டப்பாவைக் கொண்டுவந்து அள்ளி அப்பினேன். காப்பித்தூளும் சேர்ந்து தரையில் ஓடியது. பயந்துபோய்க் கத்தினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மை ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள்.

"ஏளா, கால தொங்கப்போட்டுட்டா இருக்க? தரையில படுளா! ஏலே, அந்தத் தூளத் தூரப் போடு!"

அம்மாவைப் படுக்க வைத்து, துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தினாள். காலை உயரமாக வைக்க எதையோ தேடியவள், கைக்கு எட்டிய என் புத்தகப் பையை இழுத்துக் காலுக்கடியில் தள்ளினாள்.

புத்தகத்தில் கால் தெரியாமல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இங்கே காலே ஏறி உட்கார்ந்துவிட்டது. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை.

"பெரியம்ம, உள்ள கணக்குப் புத்தகம் இருக்கு."

"இருக்கட்டும்லே. ஒங்க அம்மையவிட அது பெருசா?"

அம்மா வெளுத்த உதட்டோடு என்னைப் பார்த்தாள். "எய்யா, சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ எங்கயும் போவாம இங்கன இரு" என்று என் கையைப் பிடித்தாள்.

பெரியம்மை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. ஒருவழியாக இரத்தம் நின்றது. காலைத் தூக்கியபடியே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு அம்மா காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன்னே காலுறையைப் போட்டுவிடுவாள். அப்பா காலுக்கென்றே ஒரு தலையணை தைத்து வாங்கி வந்தார். அதில் யாரும் தலை வைக்கக் கூடாது.

கணக்கில் நான் தேறிவிட்டேன். சரஸ்வதி மன்னித்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. அன்று என்னைப் பிடித்திருந்த அம்மாவின் கை சில்லிட்டிருந்ததுகூட சரஸ்வதிக்குப் பயந்துதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.